மடுத் ‘திருப்பதி’: பெயர் வந்த வழி

“மடுக் கோயிலுக்குப் போறம்” என்றுதான் இலங்கையின் வடக்கே வன்னியில் வாய் சொல்லும். திருவிழா அறிவித்தலில் அதுவே ‘மருதமடுத் திருப்பதி’ ஆகிவிடும். திருப்பதி வேங்கடமலை அல்லவா, மாதா கோயிலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு.

‘பதி’ என்றால் ஊர், உறைவிடம். பசுபதி, சேனாதிபதி என்பவற்றில் தலைவனைக் குறிக்கும் ‘பதி’ வடசொல், அது வேறு. நம் பதி, ‘பதிதல்’ என்ற வினையோடு உறவுள்ளது. அழுந்துதல், நிலைத்துத் தங்குதல், ஒளிந்திருத்தல் எல்லாம் அந்த வினைக்குள் அடக்கம். வைணவர் 108 திருப்பதி என்று எண்ணுவதும் திருவுடைய ஊர்களைத்தான்.

ஒளிந்திருத்தல் என்ற பொருளைத்தான் நான் விடமாட்டேன். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன என்பது வழிவழிச் செய்தி. வந்து பதிந்த இடம் மருதமடு. மடு என்றால் ஆழமாக நீர் தேங்கும் இடம். மருதோ நீர்க்கரை மரம். காட்டில் ஒளிய வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்தானே!

இன்றுள்ள பெரிய கோயிலை 1872இல் ஆயர் பொஞ்சீன் தொடங்கினார். 1924 ஆடி (யூலை) 2ஆம் திகதி மாதாவுக்கு முடிசூட்டினார்கள். 1944இல் கோயில் அபிஷேகம் செய்யப்பட்டது. அகன்ற முகப்பு ஐரோப்பியச் சாயல். ஆனால் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு வரும் சனம் அந்தச் சுவர்களுக்குள் அடங்காது. முன்வெளியில் பூசை, மரங்களின் கீழ் கூடாரம், அடுப்பு, சமையல். காடும் அந்தக் கோயிலின் ஒரு மண்டபம்தான்.

ஆகவே ‘மடு சர்ச்’, ‘மடு ஷ்ரைன்’ என்று எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: கட்டடத்தை மட்டும் சொல்வதென்றால் கோயில், ஆலயம், தேவாலயம் மூன்றில் எதுவும் சரி. யாத்திரைக்கு உரிய இடம் முழுவதையும் சொல்லத் திருத்தலம் என்ற நல்ல சொல் இருக்கிறது. மடுவுக்குத் திருப்பதியே கூடுதலாகப் பொருந்தும். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்த வளாகத்தில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். 2008 சித்திரையில் சண்டை நெருங்கியபோது சொரூபமே தேவன்பிட்டிக்குப் போய், ஆவணியில் திரும்பி வந்து பதிந்தது.