நெறிமுறை விலகலின் வேரைத் தேடுவது எப்படி?

புதிய மருந்தொன்றை மனிதர்களிடம் சோதிக்கும்போது யாருக்கு எவ்வளவு மருந்து, எந்த நேரத்தில் எந்தப் பரிசோதனை என்று முன்கூட்டியே வகுத்துவைக்கும் ஆவணமே ஆய்வு நெறிமுறை. அதிலிருந்து நடைமுறை பிசகினால் அது விலகல். பல விலகல் அறிக்கைகளில் காரணம் ‘கவனக்குறைவு’ என்றும் தீர்வு ‘மறுபயிற்சி’ என்றும் எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதே விலகல் மறுபடியும் தலைகாட்டுகிறது.

மருந்து கொடுத்த 2 மணி நேரத்தில், 10 நிமிடம் முன்பின்னாக, ரத்தம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மையத்தில் அது அடிக்கடி 25 நிமிடம் தாமதமாகிறது. மருந்தின் அளவு ரத்தத்தில் வேகமாக மாறும் நேரம் அதுவென்றால், பிந்தி எடுத்த மாதிரியைச் சரியான நேரத்து மாதிரியாகக் கொள்வது, உடல் மருந்தை எப்படி உறிஞ்சுகிறது என்ற கணக்கையே கெடுத்துவிடும். ஏன் தாமதம்? செவிலியர் அப்போது இன்னொருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். ஏன்? இருவரும் ஒரே நேரத்தில் மருந்து உட்கொண்டிருந்தார்கள். ஏன்? காலை மருந்துகள் அனைத்தும் மருந்தகத்திலிருந்து ஒரே தடவையில் வந்து சேர்கின்றன. ‘கவனக்குறைவு’ என்ற சொல் இதில் எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேர் தென்படும்வரை இப்படி ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்பதுதான் டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்ந்த ‘ஐந்து ஏன்’ முறை. அதற்கு ஒரு பலவீனமும் உண்டு: கேட்பவர் ஏற்கெனவே நம்பும் விடையிலேயே அது போய் நின்றுவிடக்கூடும். ஆகவே கிடைத்த காரணத்தைப் பதிவுகளோடு உரசிப் பார்க்க வேண்டும். நெரிசல்தான் காரணமென்றால், ஒரே ஒரு பங்கேற்பாளர் வந்த நாள்களில் தாமதம் இருக்கக் கூடாது. இருந்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால், மருந்து நேரத்தைப் பதியும் கணினியும் ரத்தம் எடுக்கும் அறையின் சுவர்க் கடிகாரமும் வெவ்வேறு நேரம் காட்டுவது தெரியவரலாம். மேசையிலிருந்தபடி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சிறு விலகல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு உழைப்பு தேவையில்லை. பங்கேற்பாளரின் பாதுகாப்பையோ முடிவுகளின் நம்பகத்தன்மையையோ கணிசமாகப் பாதிக்கும் மீறல்களுக்கு, ஆய்வை நடத்துவிக்கும் நிறுவனம் மூலக்காரணத்தை ஆராய வேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்கான சர்வதேச நன்னடைமுறை வழிகாட்டுதலில் 2016-இல் சேர்க்கப்பட்டது.

ஒரே விலகல் பல மையங்களில் தோன்றினால், மையங்களைக் குறைகூறுவதற்கு முன் நெறிமுறையையே சந்தேகிப்பதுதான் நியாயம் என்பேன். 10 நிமிட வரம்பு அறிவியல்படி அவசியமா, 30 நிமிடமாகத் தளர்த்தி உண்மையான நேரத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டால் போதாதா என்று புள்ளியியலாளரிடம் கேட்டு, நெறிமுறைத் திருத்தத்துக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறலாம்.