'கேண்டிட்' என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

திருமணப் படம் எடுப்பவரிடம் பேசப் போனால் முதலில் வரும் கேள்வி, "கேண்டிட் வேணுமா, ட்ரெடிஷனல் வேணுமா?" என்பதுதான். பொதுவாக, போஸ் கொடுக்காமல் நடப்பதை நடப்பபடியே எடுப்பது கேண்டிட், நிறுத்தி வைத்து எடுப்பது ட்ரெடிஷனல். பலரும் "ரெண்டும் கலந்து, கொஞ்சம் ஆர்ட்டிஸ்டிக்கா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்டவரும் சொன்னவரும் அந்தச் சொற்களை ஒரே பொருளில்தான் வைத்திருக்கிறார்களா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. ஆல்பம் கைக்கு வந்த பிறகு, "நாங்க கேட்டது இது இல்லையே" என்று மனம் சுருங்கும். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

'கேண்டிட்' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே 'கண்டேரே' என்றால் ஒளிர்தல். அதிலிருந்து வந்தது 'கண்டிடுஸ்', அதாவது பளிச்சென்ற வெண்மை. ஒளியில்லாத வெறும் வெள்ளைக்கு ரோமானியர்களிடம் 'அல்புஸ்' என்று வேறொரு சொல் இருந்தது. ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணத்தால் வெளுத்த மேலாடை அணிந்து மக்கள் முன் வந்தார்கள். வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்ற ஆங்கிலச் சொல் அப்படிப் பிறந்ததே. மெழுகுவத்திக்கான 'கேண்டில்' என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். ஆங்கிலத்துக்குள் 17ஆம் நூற்றாண்டில் வந்த 'கேண்டிட்', முதலில் வெண்மையைக் குறித்து, பிறகு பாரபட்சமின்மைக்கு நகர்ந்து, கடைசியில் ஒளிவுமறைவில்லாத பேச்சைக் குறிக்க நின்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஆல்பம்' என்ற சொல் அந்த 'அல்புஸ்' வழியாக வந்தது. ரோமில் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு அதுதான் பெயர். ஆக, 'கேண்டிட் ஆல்பம்' என்று சொல்லும்போது நாம் வெள்ளையை இரண்டு முறை சொல்கிறோம்!

வெண்மையிலிருந்து கள்ளமின்மைக்குப் போகும் பாதை தமிழுக்கும் பழக்கமானதே. 'வெள்ளை மனசு', 'வெள்ளந்தியான ஆள்' என்று இன்றும் பேசுகிறோம். ஆனால் நம் மொழியில் அந்த வெள்ளைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருக்குறள் 844இல் 'வெண்மை' என்பது அறிவின்மை. அதனால்தான் 'வெள்ளந்திப் படம்' என்று யாராவது பெயர் வைத்தால் எனக்கு உடன்பாடில்லை. படத்தில் இருப்பவரை அப்பாவியாக்கிவிடும்.

ஒளிப்படத் துறைக்குள் இந்தச் சொல் வந்ததற்குக் கருவிதான் காரணம். வெளிச்சம் குறைந்த அறையில் படம் எடுக்க ஒரு காலத்தில் வெடித்தெரியும் பொடியைக் கொளுத்த வேண்டும், அல்லது எதிரில் இருப்பவர் அசையாமல் காத்திருக்க வேண்டும். 1924இல் வந்த எர்மனாக்ஸ் கேமராவின் லென்ஸ் மிக அகலமாகத் திறக்கும். அறை வெளிச்சமே அதற்குப் போதும். அடுத்த ஆண்டே 35 மி.மீ. படச்சுருளில் இயங்கும் லைக்கா சந்தைக்கு வந்தது. எர்மனாக்ஸை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் அரசியல் மாநாடுகளுக்கும் போனவர் ஜெர்மானியரான எரிக் சாலமன். தலைவர்கள் கொட்டாவி விடுவதையும் தலையைச் சாய்த்து ரகசியம் பேசுவதையும் அவர் எடுத்தார். 'கேண்டிட் கேமரா' என்ற தொடர் அவர் படங்களோடு ஒட்டிக்கொண்டது.

அவருடைய புகழ்பெற்ற படங்களில் ஒன்று 1931இல் பாரிஸில் எடுத்தது. பிரெஞ்சுத் தலைவர் அரிஸ்டீடு பிரியாண்ட் கேமராவைக் கண்டுபிடித்து, நேராக அதைப் பார்த்து விரல் நீட்டுகிறார். அந்தப் படம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேமராவைப் பார்க்காத முகம்தான் கேண்டிட் என்ற நினைப்பை அது உடைத்துவிடுகிறது. அவர் பார்த்துவிட்டார், ஆனாலும் அந்த விரலும் சிரிப்பும் ஒத்திகை பார்த்தவை இல்லை. இன்னொரு பக்கம், "அப்படியே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிங்க, கேமராவைப் பார்க்காதீங்க" என்று சொல்லி எடுக்கும் படத்தில் யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. அதற்குப் பெயர் 'கேண்டிட் போஸ்' என்கிறார்கள். அழகாக வரலாம், தவறொன்றும் இல்லை. ஆனால் அது போஸ்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மறைபடம்' பொருந்தாது, திருமணத்தில் கேமரா இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஒளிந்து எடுப்பது வேறு காரியம். 'தற்செயல் படம்' என்றால் எடுத்தவரின் உழைப்பு காணாமல் போகிறது. அந்த நொடிக்காக அவர் ஒரு மணி நேரம் காத்திருந்திருப்பார். 'இயல்புப் படம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அணியிலக்கணம் ஏற்கெனவே இந்த வழியில் நடந்திருக்கிறது. ஒரு பொருளை உள்ளது உள்ளபடி பாடுவதைத் 'தன்மையணி' என்றார்கள், 'இயல்பு நவிற்சி' என்றும் சொன்னார்கள். கேண்டிடுக்கு இதைவிட நெருங்கிய உறவுச் சொல் கிடைக்காது.

'ஆர்ட்டிஸ்டிக்' என்பதற்குக் 'கலைநயப் படம்' என்று சொல்லிவிடலாம், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் கலவையில்தான். இயல்பாக நடந்ததை எடுக்கவும் வேண்டும், அதில் எடுப்பவரின் பார்வையும் தெரிய வேண்டும் என்றால் இரண்டும் மோதாதா? மோதாது என்பதற்கும் அணியிலக்கணத்தில் விடை இருக்கிறது: தற்குறிப்பேற்ற அணி, அதாவது இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் இருந்த கொடிகள் "வராதீர்கள்" என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைந்தன என்கிறது சிலப்பதிகாரம். கொடியை அசைத்தது காற்று. இளங்கோ அதைத் தொடவில்லை. எங்கே நின்று, எந்த நேரத்தில், யார் வரும்போது அதைப் பார்ப்பது என்பது மட்டும் அவருடையது.

ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். விழா நடக்கும்போது மணமகளின் அப்பா பின்வரிசைக்கு அருகே தனியாக நிற்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார். கண்ணாடியில் அழுக்கே இல்லை. ஈரம் கண்ணில் இருக்கிறது. இதை அவரிடம் யாரும் செய்யச் சொல்லவில்லை, அது இயல்பு. படம் எடுப்பவர் ஓடிப்போய் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காமல், இரண்டடி இடப்பக்கம் நகர்கிறார். இப்போது சன்னல் வெளிச்சம் அப்பாவின் விரல்களிலும் கன்னத்திலும் பக்கவாட்டில் விழுகிறது. 85 மி.மீ. லென்ஸை அகலத் திறந்து வைத்ததால், முன்னால் மகளின் தோள் மங்கலான ஒளிக்கோடாகச் சட்டகத்தின் ஓரத்தில் நிற்கிறது. அவர் நகர்த்தியது தன்னை மட்டும்தான். இந்தப் பாணிக்கு 'இயல்நயம்' என்று பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம்: இயல்பில் கண்ட நயம்.

படம் எடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தப் பிரிவு உதவும். தேர்ந்தெடுத்த இருபது படங்களைக் காட்டினால் யாருடைய வேலையும் அழகாகத்தான் இருக்கும். ஒரே திருமணத்தின் முழுத் தொகுப்பையும் கேளுங்கள். அதில் மணமக்களைத் தாண்டி மற்றவர்கள் எத்தனை பேர் உயிரோடு தெரிகிறார்கள், வெளிச்சம் மோசமான நேரத்தில் என்ன செய்திருக்கிறார், எல்லாச் சிரிப்பும் ஒரே அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வரிசையாக நின்று எடுக்கும் குடும்பப் படங்களை விட்டுவிடாதீர்கள். பல வருடம் கழித்துப் பாட்டியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் அதுதான் கைகொடுக்கும். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கிவிட்டால் மிச்ச நேரமெல்லாம் அவர் இயல்புப் படங்களுக்குக் காத்திருக்கலாம்.

பேசும்போது 'கேண்டிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எங்களை எதுவும் செய்யச் சொல்ல வேண்டாம், நடப்பதை எடுங்கள், ஆனால் எங்கே நின்று எடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். குடும்பப் படங்களுக்கு மட்டும் அரை மணி நேரம் வரிசையாக நிற்கிறோம்."