முத்திரை வசனம்: பகடிப் படங்களில் வரும் பழைய நகைச்சுவை வரிகள்

பழைய படங்களைக் கேலி செய்து எடுத்த பகடிப் படம் ஒன்றை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போது, சில இடங்களில் பெரியவர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்கும். திரையில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. பழைய நகைச்சுவைக் காட்சியில் வந்த ஒரு வரியை யாரோ போகிறபோக்கில் சொல்லியிருப்பார்கள். அந்த மாதிரி வரியை என்ன பெயரிட்டு அழைப்பது?

பலரும் 'பஞ்ச்' என்கிறார்கள். அது பொருந்தவில்லை. ஆங்கிலத்தில் பஞ்ச் லைன் என்பது ஒரு துணுக்கின் கடைசி வரி, சிரிப்பு வெடிக்கிற இடம். துணுக்கு முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. தமிழ் சினிமாவுக்கு வந்ததும் அது 'பஞ்ச் டயலாக்' ஆகி, கதாநாயகன் எதிரியைப் பார்த்து விடும் சவால் என்று பொருள் மாறிக்கொண்டது. 'சிவாஜி' (2007) படத்தின் "சும்மா அதிருதுல்ல" அந்த வகை. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணி கேட்கும் "பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?" இந்த இரண்டிலும் சேராது. அது சவாலும் இல்லை, காட்சியோடு முடிந்துபோகவும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்குக் 'கேட்ச்ஃபிரேஸ்' என்று பெயர். கேட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும் தொடர், வாயில் ஒட்டிக்கொள்ளும் தொடர்.

தமிழில் இதற்கு 'முத்திரை வசனம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. கர்நாடக இசையில் பாடலை இயற்றியவர் தன் பெயரையோ தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சொல்லையோ பாடலுக்குள்ளேயே பதித்துவிடுவார். முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் 'குருகுஹ' என்று வருவது அப்படித்தான். அதற்குப் பெயர் முத்திரை. அந்தச் சொல் வந்தவுடன் பாட்டு யாருடையது என்று தெரிந்துவிடும். "பெட்ரோமாக்ஸ்" என்றதும் கவுண்டமணியின் குரல் காதில் கேட்கிறதே, அதுவும் அதே வேலைதான். அப்புறம் 'வசனம்' என்ற சொல். உரைநடை என்று இருந்த பொருள் நாடகத்திலும் சினிமாவிலும் பேச்சு என்று ஆனது. "என்கிட்ட வசனம் பேசாதே" என்று வீட்டில் சண்டை போடும் அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது.

ஒரு வரியால் ஒருவர் அறியப்படுவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் 'செம்புலப் பெயல்நீர்' என்று எழுதினார், செம்புலப்பெயல்நீரார் ஆகிவிட்டார். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இருக்கிறார். மூவருக்கும் அவர்கள் எழுதிய தொடரே பெயர்.

இதே வழக்கம் தமிழ் சினிமாவில் நடந்திருக்கிறது. நடிகர் கன்னையா 'நான்' (1967) படத்தில் எதற்கெடுத்தாலும் "என்னத்த..." என்று அலுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் 'என்னத்த' கன்னையா. எழுத்தில் இது 'என்னத்தை'. 'மரம்' என்பது 'மரத்தை' ஆவதைப் போல, 'என்ன' என்ற கேள்வியோடு அத்துச் சாரியையும் 'ஐ' உருபும் சேர்ந்து 'என்னத்தை' ஆயிற்று. "என்னத்தைச் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற முழு வாக்கியத்தின் சலிப்பும் அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, முதுமையில், அதே அலுத்த குரலில் அவர் வடிவேலுவிடம் சொன்னதுதான் "வரும்... ஆனா வராது". 1967இன் 'என்னத்த'வைக் கேட்டவர்களுக்கு அங்கே இரண்டு சிரிப்பு. கேட்காதவர்களுக்கு ஒன்று. பழைய வரியைத் தெரிந்துகொள்வதன் பலன் இதுதான்.

சரி, பெட்ரோமாக்ஸுக்கு வருவோம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த விளக்கே தெரியாது. மண்ணெண்ணெயில் எரிவது, காற்றடித்து ஏற்ற வேண்டும். வெளிச்சம் தருவது மேண்டில் என்ற சிறு வலைப்பை. ஒரு முறை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல் கூடுதான், உருவம் மட்டும் நிற்கும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். செந்தில் அதில் கை வைப்பார், உதிர்ந்துபோகும். அந்த நேரம் பார்த்து ஒருவர் விளக்கு வாடகைக்கு வேண்டும் என்று வந்து நிற்பார். அப்போதுதான் கவுண்டமணி அந்தக் கேள்வியைக் கேட்பார். வரியின் உயிர் 'லைட்டேதான்' என்பதில் இருக்கிறது. 'ஏ' ஒரு அழுத்தம், 'தான்' இன்னொரு அழுத்தம். "வேறு எதுவும் ஆகாதா?" என்ற கெஞ்சல் அந்த இரட்டை அழுத்தத்தில்தான் வருகிறது. இதை "பெட்ரோமாக்ஸ் விளக்குதான் வேண்டுமா?" என்று திருத்தி எழுதினால் வசனம் செத்துவிடும். முத்திரை வசனத்தைப் பேசிய ஒலியிலேயே எழுதுவதுதான் முறை.

இனி இந்த வரிகள் வந்து உட்காரும் படங்களின் பெயர். 'ஸ்பூஃப்' என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தான் உருவாக்கிய ஓர் ஏமாற்று விளையாட்டுக்கு வைத்த பெயர் அது. 'பாரடி' அதைவிட மிகப் பழையது. கிரேக்கத்தில் 'பாரா' என்றால் அருகில், 'ஓடே' என்றால் பாட்டு. ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடும் இன்னொரு பாட்டு. முதல் பாட்டு தெரியாதவருக்கு இரண்டாவது பாட்டில் ஒன்றுமே இல்லை. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

தமிழில் 'பகடி' சரியான சொல். ஈழத்தில் இது 'பகிடி' என்று அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. "பகிடி விடாதே" என்பார்கள். ராகிங்குக்கு அங்கே 'பகிடிவதை' என்று பெயர், செய்தித்தாளிலும் அப்படியே எழுதுகிறார்கள். ஒரே சொல் விளையாட்டையும் அது எல்லை மீறுவதையும் குறிக்க வந்துவிட்டது. 'அங்கதம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. தொல்காப்பியம் அதைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள், மறைத்து வைவது கரந்தது. இரண்டுக்கும் வசை அடிப்படை. 'தமிழ்ப் படம்' (2010) மாதிரியான படத்தில் வசையைவிட விளையாட்டு அதிகம், ஆகவே பகடி என்பதே பொருந்தும்.

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பகடிப் படத்துக்குள் வரும் பழைய நகைச்சுவை வரியைப் பெரும்பாலும் பகடி என்று சொல்ல முடியாது. பகடி செய்ய வேண்டுமென்றால் மூலத்தில் ஒரு விறைப்பு இருக்க வேண்டும். 'சந்திரமுகி' (2005) படத்தில் பிரபு, மனைவியின் நிலையை அறிந்து "என்ன கொடுமை சரவணன் இது" என்று உடைந்துபோகிறார். அது அழுகைக் காட்சி. 'சென்னை 600028' (2007) படத்தில் பிரேம்ஜி, சரவணனை எடுத்துவிட்டு "என்ன கொடுமை சார் இது" என்றார். அழுகை சிரிப்பாகிவிட்டது. இது முழுப் பகடி. கவுண்டமணியின் வரியையோ வடிவேலுவின் வரியையோ இப்படிக் கவிழ்க்க முடியாது, அது ஏற்கெனவே சிரிப்பு. அதைத் திரும்பச் சொல்லும்போது நடப்பது மரியாதை. இதை 'எடுத்தாளுதல்' என்று சொல்லலாம். முன்னோர் சொன்ன பொருளை மட்டுமன்றி அவர்களுடைய சொல்லையும் பொன்னைப் போலப் போற்றுவோம் என்கிறது நன்னூல். 'வின்னர்' (2003) படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ளயின் கூட்டத்துக்கு வைத்த 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' 2013இல் ஒரு படத்தின் தலைப்பானது. 'தலைநகரம்' (2006) படத்தில் வடிவேலு போலீஸ் வண்டியில் ஏறிக்கொண்டு பெருமையாகக் கத்திய "நானும் ரவுடிதான்" 2015இல் தலைப்பானது. இரண்டிலும் கிண்டல் துளியும் இல்லை.

சில வரிகள் இதையும் தாண்டிப் போய்விடுகின்றன. "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா" என்பது 'சூரியன்' (1992) படத்தில் கவுண்டமணி சொன்னது. படத்தைப் பார்க்காதவர்களும், அது சினிமா வசனம் என்று தெரியாதவர்களும் இன்று அதைச் சொல்கிறார்கள். உடையவர் பெயர் உதிர்ந்தபின் அதை முத்திரை வசனம் என்று சொல்வது பொருந்தாது, அது சொலவடை ஆகிவிட்டது. தொல்காப்பியம் முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம், ஒளி எல்லாம் வேண்டும் என்கிறது. மூன்றும் இந்த வரியில் இருக்கின்றன.

ஆகவே பிள்ளை கேட்டால், வரியை மட்டும் திரும்பச் சொல்லி "அது கவுண்டமணி டயலாக்" என்று நிறுத்திவிட வேண்டாம். யார், யாரிடம், எந்த இக்கட்டில் சொன்னார் என்று காட்சியைச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த 1984 காட்சியையே போட்டுக் காட்டுங்கள். மேண்டில் உதிரும் இடத்தில் பிள்ளையே சிரிக்கும்.