கிளிஞ்சலைத் தேடும் கோழி

புறக்கடையில் கோழி வளர்ப்போர் கம்பு, நொய், தவிடு, பிண்ணாக்கு எல்லாவற்றையும் கலந்து ஒரே தட்டில் வைப்பது வழக்கம். கிளிஞ்சல் துண்டுகளை மட்டும் தனித் தட்டில் வைத்தால், முட்டையிடும் கோழி காலையில் அதை அவ்வளவாகச் சீண்டாமல், பொழுது சாயும் வேளையில் நாடிச் சென்று கொத்துவதைக் காணலாம். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. அந்த ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் பிடிக்கிறது. அதில் பெரும்பகுதி, கோழி இரை எடுக்காத இரவில் கழிகிறது. மாலையில் விழுங்கிய துண்டுகள் அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து, இரவு முழுவதும் இரத்தத்துக்குக் கால்சியத்தை அளிக்கின்றன. பற்றாக்குறையை எலும்பின் உட்பகுதியில் உள்ள சேமிப்பு ஈடுசெய்கிறது. மாவாகப் பொடித்த சுண்ணாம்பு விரைவில் கடந்து போய்விடும் என்பதால் துண்டுகளே மேல். தீவனத்திலேயே கலந்துவிட்டால் சேவலும் குஞ்சும் வேண்டாத கால்சியத்தை உண்ண நேரிடும். மிகுதியான கால்சியம் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எல்லாச் சத்துக்கும் இத்தகைய தேட்டம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நியாசின் என்னும் பி வைட்டமினைத் தயாரிக்கும் திறன் வாத்துக்குக் குறைவு. ஆகவே வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட அதிக நியாசின் தீவனத்தில் தேவைப்படுகிறது. வயலிலும் குளத்திலும் மேயும் வாத்துக்குப் புழு, பூச்சி, நத்தை ஆகியவற்றிலிருந்து அது கிடைத்துவிடும். அடைத்து வைத்து நொய்யும் மக்காச்சோளமும் மட்டும் கொடுத்தால், குஞ்சு வயிறார உண்டும் கால் வளைந்து நடக்கத் தடுமாறும். தீவனத்தில் சிறிது ஈஸ்ட் சேர்ப்பது இதைத் தடுக்கும்.

புரதத்துக்கு, நீரில் மிதந்து வளரும் சிறு செடியான அசோலாவைப் பலர் அளவுக்கு மீறிப் புகழ்கின்றனர். உலர்ந்த அசோலாவில் புரதம் மிகுதிதான். ஆனால் பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரே. சாணமும் பழைய சாக்கும் அடைத்து நீர் தெளித்த பானையை மாலையில் கவிழ்த்து வைத்து, மறுநாள் காலையில் எடுக்கும் கரையான், கோழிக்குஞ்சுகளுக்கு அதைவிடச் செறிவான உணவு.

பறவையின் தேர்வை நம்பவே முடியாத இடம் கடலைப் பிண்ணாக்கு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்கு, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. வாத்துக்குஞ்சுகள் இந்நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகின்றன. வேகவைத்தாலும் அது அழியாது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைக் குப்பையில் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.