பேண்டிங்: தென்னாப்பிரிக்கத் தமிழர் வாயில் ஓர் ஆளின் பெயர்

டர்பனில் எங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது பிரியாணி வேண்டாம் என்று கையை மறித்தால் உடனே ஒரு கேள்வி வரும்: "என்னக்கா, ஃபாஸ்டிங்கா, பேண்டிங்கா?"

ஃபாஸ்டிங் என்றால் புரட்டாசி. கறி, மீன், முட்டை தொடக்கூடாது. சோறும் பருப்பும் எவ்வளவு வேண்டுமானாலும். பேண்டிங் அப்படியே தலைகீழ்: கறியும் முட்டையும் தாராளம், சோறு, ரொட்டி, மீலி பாப் என்ற மக்காச்சோளக் களி, உருளைக்கிழங்கு, சர்க்கரை கிடையாது. பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பண்டம், வாங்கினால் உள்ளே இருக்கும் ஆட்டுக்கறியை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வெள்ளை ரொட்டிக் கூட்டை அப்படியே வைத்துவிட வேண்டும். பீன்ஸ் பன்னி என்றால் அந்தப் பீன்ஸிலும் மாவு இருக்கிறது!

கேட்பதற்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்த ஆங்கிலத் தொழிற்பெயர்கள் போலிருக்கும். ஆனால் பேண்டிங் என்பது ஆளின் பெயர். வில்லியம் பேண்டிங் லண்டனில் சவ அடக்க ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தியவர்; அரச குடும்பத்துச் சாவுகளுக்கும் அவர்கள் நிறுவனம்தான். 1862இல் அவருடைய எடை 202 பவுண்டு, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாராம். காது மந்தம் என்று போன இடத்தில், வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆறையும் விடச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோ, குறைந்தது. 1863இல் அதை ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டார். பெயர் பரவி வினைச்சொல்லே ஆகிவிட்டது. சுவீடிஷ் மொழியில் 'பன்டா' என்றால் இன்றைக்கும் மெலிவதற்காக உணவைக் குறைப்பதுதான். (இன்சுலின் கண்டுபிடிப்பால் புகழ்பெற்ற பேண்டிங் வேறு ஆள்.)

இந்தப் பழைய பெயரைத் தென்னாப்பிரிக்காவில் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கேப்டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ். ஓட்டக்காரர்களுக்கு மாவுச்சத்தைப் பரிந்துரைத்தவர், தனக்கே சர்க்கரை நோய் வந்தபின் கட்சி மாறினார். 2013இல் வந்த சமையல் நூலோடு சொல் வீட்டுக்கு வீடு போனது. குழந்தைக்கு முதல் உணவு பற்றி 2014இல் ட்விட்டரில் அவர் சொன்ன ஒரு பதிலுக்காக மருத்துவத் தொழில் மன்றம் விசாரித்து, 2017இல் குற்றமில்லை என்றது. வேடிக்கை என்னவென்றால், நோக்ஸ் கொண்டாடும் வெண்ணெய் அசல் பேண்டிங்குக்கு விலக்கு. பெயர் ஒன்று, பத்தியம் வேறு.

சண்டை எதில்? மாவும் இனிப்பும் இன்சுலினை ஏற்றுகின்றன, இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கிறது, அதனால் எடை ஏறுகிறது என்பது ஒரு கட்சி. எதைத் தின்றாலும் செலவழிப்பதைவிடக் கலோரி மிஞ்சினால்தான் ஏறும் என்பது மறு கட்சி. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. 2018இல் அமெரிக்காவில் 609 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோவும் மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. கறி தின்றால் வயிறு நிறைந்து பலர் தாமாகவே குறைத்துச் சாப்பிடுகிறார்கள், பேண்டிங்கின் பலம் பெரும்பாலும் அதுதான் என்பது என் கணிப்பு.

கார்போஹைட்ரேட்டைக் குறைக்கும் இந்த முறையைத் தமிழில் என்ன சொல்வது? சிலர் 'மாவுச்சத்து நீக்கம்' என்கிறார்கள். இதில் இரண்டு பிழை. மாவுச்சத்து என்பது அரிசி, சோளம், கிழங்கில் உள்ள ஸ்டார்ச் மட்டும். கார்போஹைட்ரேட்டில் சர்க்கரையும் நார்ச்சத்தும் அடங்கும். அடுத்து, பேண்டிங்கில் யாரும் முழுக்க நீக்குவதில்லை. கீரையும் முட்டைக்கோஸும் தட்டில் உண்டு. 'பட்டினி' இன்னும் மோசம். வயிறார ஆட்டுக்கறி தின்பவரைப் பட்டினி என்றால் யார் நம்புவார்கள்?

என் தேர்வு 'குறைமாவு உணவு'. சர்க்கரையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மாவும் இனிப்பும் குறைத்த உணவு' என்று நீட்டிக்கொள்ளலாம். பேச்சில் 'மாவுப் பத்தியம்' இன்னும் நன்றாக வாயில் உட்காருகிறது; பத்தியம் என்றாலே எது ஆகும், எது ஆகாது என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் பத்தியக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாரும் இரண்டு குவளை குடிக்கிறோம்.