முயலோடு நிற்காத தோட்டா

ஐஸ் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு பாலிதீன் பைகள் இருந்தன. இரண்டிலும் இருந்தது ஒரே முயல். தலையும் முன்னங்கால்களும் ஒரு பையில், பின்பக்கம் இன்னொரு பையில். நடுவில் இருக்க வேண்டிய ஈரல், குடல், விலா எதையும் காணோம். கால்நடை மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இதுல நான் என்னத்த சார் போஸ்ட்மார்ட்டம் பண்றது?" என்றார்.

சுட்டது .315 ரைஃபிள்; எண் குழலின் துளை அளவு, அங்குலத்தில். பாதுகாப்புக்கென்று முறையாக உரிமம் வாங்கிய துப்பாக்கிதான். மலையடிவாரச் சாலையில் இரவு பத்தரை மணிக்கு, ஜீப்பில் நின்றபடி, ஹெட்லைட் வெளிச்சத்தில் சுட்டிருக்கிறார்கள். முயல் இரண்டு கிலோகூடத் தேறாது.

தடயவியலில் துப்பாக்கிப் பிரிவில் நான் இருந்த காலம் முழுக்க, இதைக் கேட்காதவர்கள் குறைவு: "பெரிய துப்பாக்கியா இருந்தா நல்லதுதானே சார், ஒரே வெடியில துடிக்காமப் போயிரும்." முயல் துடிக்காமல் போகும், சரி. தோட்டா எங்கே போகும்?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கிளப்புகளில் பயிற்சிக்குச் சுடும் .22 தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம். நொடிக்கு 370 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 180 ஜூல் அளவில் இருக்கும். பெரிய விலங்குகளுக்கென்று செய்த .30-06 ரைஃபிளில் குண்டு 9.7 கிராம், வேகம் 880 மீட்டர். ஆற்றல் 3,700 ஜூலைத் தாண்டும். இருபது மடங்கு. கடமானின் தோளெலும்பை உடைத்து உள்ளே போய் நிற்கவென்று கணக்கிட்ட சக்தி இது. முயலுக்கு அந்தத் தோளும் இல்லை, அந்தச் சதையும் இல்லை. குண்டு தன் சக்தியில் சிறு பங்கை மட்டும் அதனிடம் விட்டுவிட்டு, மிச்சத்தோடு மறுபக்கம் வெளியேறிவிடும். சின்னது என்று நாம் நினைக்கும் .22-இன் அட்டைப்பெட்டியிலேயே 'ஒன்றரை மைல் வரை ஆபத்து' என்று அச்சிட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

இனி அந்தச் சாலைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ரத்தம் காய்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, தாரில் ஒரு சாண் நீளத்துக்கு உழுதாற்போல ஒரு கோடு. அதன் ஓரத்தில் பென்சிலால் தேய்த்ததுபோல ஈயத்தின் சாம்பல் பூச்சு. ஜல்லிக்கிடையில் விரல்நகம் அளவுக்கு ஒரு செம்புத் தகடு, குண்டின் மேலுறை. நூல் கட்டி அளந்தேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து முயல் நாற்பது மீட்டர். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் சுட்டால் குண்டு சாலையைத் தொடும் கோணம் மூன்று டிகிரிகூட வராது. குளத்தில் சில்லு எறிந்து விளையாடியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டாம். ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீரில் பட்ட குண்டு பெரும்பாலும் வந்ததைவிட மேல்நோக்கி எழும்பும்; தார், கான்கிரீட் போன்ற கெட்டியான தரையில் பட்டால் வந்த கோணத்தைவிடத் தாழ்வாகத் தரையை ஒட்டிப் பறக்கும். அதாவது மனிதன் உட்கார்ந்திருக்கும், படுத்திருக்கும் உயரத்தில்.

சாலை வளைவு வரை அந்தக் கோட்டின் திசையை நீட்டிப் பார்த்து, வேலியைத் தாண்டி மஞ்சள் காட்டுக்குள் நடந்தேன். ஏறக்குறைய நானூறு மீட்டரில் ஒரு மோட்டார் ரூம். அதன் தகரக் கதவில் ஓர் ஓட்டை. நெளிந்த குண்டு பக்கவாட்டில் திரும்பி நுழைந்ததால் வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம்போல இருந்தது. கதவை ஒட்டி வெளியே கயிற்றுக் கட்டில். முறைத்தண்ணீர் பாய்ச்ச வந்த பெரியவர் ராத்திரி அதில்தான் படுத்திருந்தார். கட்டிலின் சட்டத்திலிருந்து ஓட்டைக்கு டேப் வைத்தேன்: முப்பத்தொரு சென்டிமீட்டர்.

சுட்டவர் பொய் சொல்லவில்லை. "ரோட்டுல யாருமே இல்லைங்க" என்றார். ஹெட்லைட் காட்டியது முயலின் கண்ணை மட்டுமே. அதற்குப் பின்னால் இருந்த நானூறு மீட்டர் இருட்டை அது காட்டவில்லை.

கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ரோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளிச் சுடலாம் சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. யூடியூபில் வெளிநாட்டு வேட்டையைப் பார்த்துவிட்டு வரும் கேள்வி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வண்டியிலிருந்து இறங்கி, சாலையை விட்டு 25 கஜம் தள்ளிப் போன பிறகே விலங்கைச் சுடலாம். இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, போகிறவர் வருகிறவருக்கு இடைஞ்சலோ ஆபத்தோ நேர்ந்தால் குற்றம். அங்கே வேட்டைக்கு அனுமதி இருக்கிறது, அதனால் அடிக்கணக்கு தேவைப்படுகிறது. இங்கே வேட்டையே கிடையாது. எதை அளப்பது?

நம் நாட்டிலும் அந்த விதிகள் இருந்தவைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள்: வண்டியிலிருந்து சுடக்கூடாது, செயற்கை வெளிச்சம் கூடாது, சூரியன் மறைந்து உதிக்கும் வரை கூடாது, பெரிய விலங்கை ரைஃபிளால்தான் சுட வேண்டும். உரிமம் வாங்கி வேட்டையாட முடிந்த காலத்திலேயே ஜீப்பும் ஹெட்லைட்டும் குற்றம். 1991 திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். தளர்த்துவதற்காக அல்ல, வேட்டை உரிமமே இல்லை என்றான பிறகு அதற்கு விதி எதற்கு?

காட்டுப்பன்றியைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்பது. தோட்டக்காரர் சுடலாம் என்று அதில் எங்கும் இல்லை. பயிர்க் காவலுக்கென்று துப்பாக்கி உரிமம் தர ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. அந்த உரிமம் வேட்டைக்கான அனுமதி ஆகாது.

மாட்டினால் என்ன ஆகும் என்பதில் பலருக்கும் தெரியாத ஒன்று வண்டி. குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்படும் வாகனமும் ஆயுதமும் வனவிலங்குச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி அரசின் சொத்தாகிவிடும். தவணை பாக்கியிருந்தாலும்தான். விலங்கு மேல் படவே இல்லை என்று வாதாடினாலும், மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத்தில் தனிப் பிரிவு வந்துவிட்டது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"ரைஃபிள் வேண்டாம், பன்னிரண்டு போர்ல எஸ்.ஜி. போட்டா தூரம் போகாதே" என்பார்கள். பன்னிரண்டு போர் என்பது ஷாட்கன்; எஸ்.ஜி. என்பது அதன் தோட்டாவுக்குள் வரும் பெரிய சில்லரைக் குண்டு. சில்லரைக் குண்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கினால், அது அதிகபட்சம் போகும் தூரம் கஜத்தில் கிடைக்கும். எஸ்.ஜி. குண்டு ஏறக்குறைய 0.33 அங்குலம். பெருக்கினால் எழுநூறு கஜத்துக்கு மேல். நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கும் உதவாது. உள்ளே என்ன இருக்கிறதென்று குழலில் இடித்து நிரப்பியவருக்கே சரியாகத் தெரியாது. சைக்கிள் பால்ஸ், ஆணித்துண்டு எல்லாம் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன். முன்னால் போவதுபோலவே பின்னால், சுடுபவரின் முகத்துக்கும் வந்திருக்கிறது.

கறியைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமான ஈயக் குண்டு உடம்புக்குள் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். அந்த முயலின் பின்பக்கத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, ஓட்டையிலிருந்து நான்கு விரல் தள்ளியும் வெள்ளைப் புள்ளிகள் உப்புத் தூவியதுபோலத் தெரிந்தன. கழுவினால் போகாது.

வழக்குச் சொத்தாக அந்தத் தகரக் கதவைக் கழற்றி எடுத்துவந்தோம். இரண்டு மாதம் கழித்து மோட்டார் ரூம் பெரியவர் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். நான் அந்த முப்பத்தொரு சென்டிமீட்டரை விளக்கப்போனேன். அவர் கேட்கவில்லை. "அதெல்லாஞ் சரிங்க சார், எங்க கதவ எப்பங்க குடுப்பீங்க? மழ அடிச்சா மோட்டார் நனஞ்சிருமுங்க" என்றார். கோர்ட்டில் வழக்கு முடிந்தால்தான் கொடுக்க முடியும் என்றேன்.