ஆரஞ்சுத் தோலை அப்படியே கலனில் கொட்டாதீர்கள்

பழச்சாறு ஆலை நடத்துபவர்கள், கழிவை நுண்ணுயிரிகளால் செரிக்கவைத்து எரிவாயு எடுக்கும் பயோகேஸ் கலன் அமைப்பது பற்றிப் பேச வரும்போது, பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். சாணத்திலிருந்தே எரிவாயு கிடைக்கும்போது, இவ்வளவு சர்க்கரை இருக்கும் ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்காதா? தாராளமாகக் கிடைக்கும். சாறு பிழிந்த பிறகு பழத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தோலும் சக்கையும் கொட்டையுமாக மிஞ்சுகிறது. அதில் இருப்பவை சர்க்கரை, பழக்கூழைக் கெட்டியாக்கும் பெக்டின், நார்ப்பொருளான செல்லுலோஸ். மரக்கழிவைப் போல, எளிதில் செரிக்காத லிக்னின் மண்டிக் கிடப்பதில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டால் இதைவிட நல்ல மூலப்பொருள் அரிது.

சிக்கல் தோலின் எண்ணெயில் இருக்கிறது. ஒரு துண்டுத் தோலை எடுத்து, ஊதிய பலூனின் அருகே அழுத்திப் பிழிந்து பாருங்கள். தெறிக்கும் சாரல் பட்டால் பலூன் வெடித்துவிடும். அந்தச் சாரலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன். ரப்பரையே கரைக்கும் பொருள். பூஞ்சையும் பூச்சியும் அண்டாமல் பழத்தைக் காப்பது அதன் வேலை. கலனுக்குள் போன பிறகும் அதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே அது தாக்குவது நமக்கு மீத்தேன் என்னும் எரியும் வாயுவைத் தரும் நுண்ணுயிரிகளை.

எவ்வளவு போனால் ஆபத்து? உலர் எடையில் ஆரஞ்சுத் தோலில் 2 முதல் 3 சதவீதம் வரை லிமோனீன் இருக்கும். ஈரத்தோல் 10 கிலோ என்றால் உலர் எடை சுமார் 2 கிலோ. லிமோனீன் 40 முதல் 60 கிராம். அதை 1,000 லிட்டர் கலனில் போட்டால் லிட்டருக்கு 40 முதல் 60 மில்லிகிராம். 35 டிகிரி செல்சியஸ் அளவில் இயங்கும் கலன்களில் தொல்லை தொடங்கும் எல்லையை இது ஒரே தவணையில் நெருங்கிவிடுகிறது. காற்றில்லாச் சூழலில் லிமோனீன் எளிதில் சிதைவதும் இல்லை. நாள்தோறும் போடப் போட உள்ளே சேர்கிறது. 55 டிகிரியில் இயங்கும் கலன்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அவற்றைச் சூடாக வைத்திருப்பதே தனிச் செலவு.

எனவே எண்ணெயை முதலில் பிரிக்க வேண்டும். தோலை அரைத்து நீராவி செலுத்தினால் எண்ணெய் ஆவியோடு ஆவியாக வெளியேறும். குளிரவைத்தால் நீரின் மேல் மிதக்கும். துப்புரவுப் பொருள், வாசனைத் தொழில்களில் அதற்கு விலை உண்டு. லிமோனீன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், மூடிய அறையில் அடுப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது. எண்ணெய் எடுத்த தோல்தானே என்று ஆலையில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். எந்திரத்தில் பிழிந்த பிறகும் ஒரு பகுதி தங்கியிருக்கும். அளந்து பார்ப்பதே நல்லது.

அடுத்தது அமிலம். தோலின் சர்க்கரையும் பெக்டினும் மிக விரைவில் அமிலமாகின்றன. அமிலம் தரும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகும். மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் இரட்டிப்பாவதற்கு நாட்கள் ஆகும். அமிலத்தைத் தின்று தீர்க்க ஆள் போதாமல் கலன் புளிக்கிறது. முதல் சில நாட்கள் வாயு பொங்கி வரும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு சுடர் தள்ளாடும், ஒருநாள் பற்றவே பற்றாது. வாயு வராமல் இல்லை; வருவதில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. இந்த நேரத்தில்தான் பலர் வாயு குறைகிறதே என்று இன்னும் கொஞ்சம் தோலைப் போடுகிறார்கள்!

செய்ய வேண்டியது நேர்மாறானது. தீனியை நிறுத்துங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் அளவான பிஎச், கலனில் 6.8 முதல் 7.4 வரை இருக்க வேண்டும்; குறைந்தால் புளிப்பு கூடுகிறது என்று பொருள். ஆனால் பிஎச் சரிவது கடைசி அறிகுறி. ஆவியாகும் அமிலத்துக்கும், அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை அளப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அது 0.4 தாண்டினால் தோல் வேண்டாம்.

தோலைத் தனியாகச் செரிக்கவைக்கும் ஆசையையும் விட்டுவிடலாம். அதில் நைட்ரஜன் குறைவு. மாட்டுச் சாணத்தோடு சேர்த்தால் நைட்ரஜனும் அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையும் புதிய நுண்ணுயிரிகளும் ஒன்றாகவே வந்துசேரும். ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் 20 முதல் 30 பங்கு வரை அமைந்தால் போதும். தோலின் பங்கைச் சிறிதாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வாயு நிலைத்த பிறகே கூட்டுங்கள்.

பழப் பருவம் முடிந்ததும் கலனைப் பட்டினி போடாதீர்கள். சாணத்தையாவது தொடர்ந்து ஊட்டி வாருங்கள். அடுத்த பருவத்தில் தோல் வரத் தொடங்கும்போது, முதல் வாரத்திலேயே பழைய அளவுக்குப் போகாமல், மறுபடியும் சிறு அளவிலிருந்தே ஏற்ற வேண்டும்.